சந்தையில் பல் பார்த்தவர், ஸ்டார் ஹோட்டலில் என்ன கேட்டார்? வீரசோழன் டூ மதுரை... ஒரு ஸ்டீக் விருந்து!

ஆட்டின் தாடையைப் பிடித்து உதட்டை விலக்குகிறார். முன்பல்லில் ஒரு பார்வை. அடுத்து, இடுப்புக்குச் சற்று முன்னால், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டை விரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான். "ரெண்டு பல்லு. சதை பரவால்ல" என்று முடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு துண்டுக்கு அடியில் விரல்கள் விலை பேசுகின்றன.

விருதுநகர் மாவட்டம், திருச்சுழி வட்டாரத்தில் இருக்கிறது வீரசோழன். இங்கே கூடும் ஆட்டுச்சந்தையில் 40 வருடங்களுக்கும் மேலாக வியாபாரம் பார்ப்பவர் அவர். சந்தையில் அவருக்கு 'ராவுத்தர்' என்றுதான் பெயர். ஆடு குட்டியா, கிடாயா, கறி எத்தனை கிலோ தேறும் என்று தூக்கிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவரை அவருடைய மகன் துபாயிலிருந்து போனில் ஒரே கேள்வியில் திணற வைத்துவிட்டார்.

"அத்தா, உங்களுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி 40 வருஷம் ஆகுது. லீவுல வர்றப்ப எல்லாரையும் மதுரையில பெரிய ரிசார்ட் ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஸ்டீக் சாப்பிடலாமா?"

"ஸ்டீக்னா என்னடா?"

"கறிதான் அத்தா. பெரிய துண்டா, தணல்ல சுட்டுத் தருவாங்க."

"கறி திங்க வீரசோழன்ல இருந்து மதுரைக்குப் போகணுமா?"

சந்தையில் இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் சிரித்தார்கள். ஆனால், கேள்வி நியாயமானது. விசேஷ நாளுக்கு ஒரு நட்சத்திர ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பது எப்படி? செலவழிக்கும் பணத்துக்கு அங்கே என்ன கிடைக்கும்? யாருக்காகப் போகிறோமோ, அவருக்கு அது பிடிக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் தேடி, அந்தக் குடும்பம் இரண்டு வாரங்கள் பேசித் தீர்த்தது.

கறியும் கரியும் கிளம்பும் ஊர்

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி, நரிக்குடி என்று போகப்போக ஊர்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும். ரமண மகரிஷி 1879-ல் பிறந்த திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு ஓடும் குண்டாற்றில், வருடத்தின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால் நெல். நிரப்பாவிட்டால் மிளகாய், பருத்தி, சிறுதானியம். அதுவும் கைவிட்டால் ஆடு.

மழை பொய்த்த வருடத்திலும் ஆடு வயிற்றைக் கழுவிக்கொள்ளும். அதனால்தான் இந்த வறண்ட சீமையில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை. முகத்தில் இரண்டு பக்கமும் கோடு விழுந்த கன்னி ஆடு, நெட்டையான கொடி ஆடு, ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி, உடம்பெல்லாம் பழுப்புப் பொட்டு வைத்த வேம்பூர் செம்மறி என்று தென்மாவட்டங்களுக்கே உரிய இனங்கள் இந்தச் சுற்று வட்டாரத்தில் மேய்கின்றன. அறுவடை முடிந்த வயல்களில் கீதாரிகள் கிடை போடுகிறார்கள். இரவெல்லாம் ஆடு படுத்த வயலுக்கு உரம். விடிந்தால் அடுத்த காடு.

இங்கிருந்து வெளியே போகும் இன்னொரு பொருள், கரி. பார்க்கும் இடமெல்லாம் நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் மூடி, மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். மூட்டை மூட்டையாக லாரியில் ஏறும் அந்தக் கரி எங்கே போகிறது என்று இங்கே யாரும் அதிகம் கேட்பதில்லை.

ஒரு சுவாரஸ்யமான விஷயம். சீமைக்கருவேலத்தின் பூர்வீகம் மெக்ஸிகோவும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தியாவுக்கு வந்தது. அதன் நெருங்கிய சொந்தக்கார மரத்துக்கு அமெரிக்காவின் டெக்ஸாஸில் 'மெஸ்கீட்' என்று பெயர். அந்த விறகின் தணலில் சுட்ட ஸ்டீக் என்றால் அங்கே தனி மவுசு. நம் ஊர் கண்மாய்க்கரையில் 'சனியன் பிடித்த முள்' என்று திட்டு வாங்கும் மரத்தின் பங்காளி, அங்கே மெனு கார்டில் பெருமையாக இடம்பிடித்திருக்கிறது!

ஆக, கறியும் கரியும் இங்கிருந்து கிளம்புகின்றன. அவை போய்ச் சேரும் மேஜையில் உட்கார்வதுதான் இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று.

அம்மாவின் தட்டு

மகன் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் ஸ்டீக் அல்ல, அவருடைய அம்மா.

பெருநாளோ, கல்யாண வீடோ, திடீர் விருந்தாளியோ... அந்த வீட்டில் கறி ஆக்குவதும் பரிமாறுவதும் அம்மாதான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் மிச்சமிருக்கும் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொள்வார். அதில் கறித்துண்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆறிப்போயிருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

"அம்மா சூடா கறி சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல" என்று மகன் சொன்னதும், மறுமுனையில் ராவுத்தர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவருக்கு வேறொரு தயக்கம் இருந்தது. வாலிப வயதில், நகரத்துக் கறிக்கடைக்காரர் ஒருவரோடு பெரிய ஹோட்டலுக்குக் கறி இறக்கப் போயிருக்கிறார். எப்போதும் பின்வாசல்தான். ஒருமுறை மழைக்கு முன்பக்கம் ஒதுங்கியபோது, "இங்க நிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். "பின்வாசல் வழியா போன இடத்துக்கு இந்த வயசுல முன்வாசல் வழியா போகணுமாக்கும்" என்று முனகினார். போக வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை.

விருந்துக்கு இன்னொருவரும் வந்தே தீர வேண்டும் என்றார். பக்கத்து ஊர் கீதாரி. 30 வருடக் கூட்டாளி. அம்மாவை 'தங்கச்சி' என்று கூப்பிடுபவர். மாட்டுக்கறி சாப்பிட மாட்டார்.

மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், ராவுத்தர், அம்மா, கீதாரி. மொத்தம் ஏழு பேர். ஒருவருக்கு முட்டிவலி. ஒருவருக்கு மாட்டுக்கறி ஆகாது. இருவருக்குக் காரம் ஆகாது. ஹோட்டல் தேர்வு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹோட்டலின் போட்டோவைப் பார்ப்பதற்கு முன்னால், சாப்பிடப்போகும் ஆட்களின் பட்டியலை எழுத வேண்டும்.

எங்கே போவது?

"ஸ்டீக் எல்லாம் வேண்டாம், மதுரையில மெஸ் போதும்" என்பதுதான் ராவுத்தரின் முதல் யோசனை. கோனார் மெஸ் கறிதோசை, அம்மா மெஸ் அயிரை மீன் குழம்பு, குமார் மெஸ் என்று மதுரையில் அசைவத்துக்கு ஊரறிந்த பெயர்கள் நிறைய. சுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால், வார இறுதியில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடிக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நிற்பார். 40 வருடத்தைக் கொண்டாட ஆற அமர உட்கார வேண்டாமா?

மருமகள் சொன்னது காரைக்குடி 'பங்களா'. ஒருகாலத்தில் செட்டிநாட்டு ஆண்களின் கிளப்பாக இருந்து, 1999-ல் பாரம்பரிய விடுதியாக மாறிய இடம். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால், வாழையிலையில் செட்டிநாட்டு விருந்து. சமையல்கலை எழுத்தாளர்கள் வெளிநாட்டிலிருந்து தேடி வரும் மேஜை அது.

எல்லோருக்கும் அது சரி என்று பட்டது. அம்மாவைத் தவிர.

"இலை போட்டுட்டா என் கை சும்மா இருக்காது. யாருக்குச் சோறு இல்லை, யாருக்கு ரசம் வேணும்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். எனக்குத் தெரிஞ்ச சாப்பாடுன்னா, உப்பு கூடவா குறைச்சலான்னுதான் மனசு போகும்."

அந்த ஒரு பதிலில் தேர்வு முடிந்துவிட்டது. அம்மாவுக்கு வேண்டியது அவருக்குச் சமைக்கத் தெரியாத சாப்பாடு. எடுத்துப் பரிமாற நடுவில் பாத்திரமே இல்லாத மேஜை. ஸ்டீக் ஹவுஸில் ஒவ்வொருவருக்கும் தனித் தட்டு. சமையலறையிலேயே முழுசாக வைத்து, கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவார்கள். வாழையிலை விருந்தில் அழகு என்று நாம் கொண்டாடும் உபசரிப்பு, உபசரித்தே களைத்துப்போன ஒருவருக்கு வேலையாகத் தெரியலாம்.

ஆக, மதுரை ரிசார்ட்தான். பசுமலைக் குன்றின்மேல் பிரிட்டிஷ் காலத்துப் பங்களாவைச் சுற்றி அமைந்த தாஜ் குழும ஹோட்டல், இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் வடிவமைத்த கிளப் வளாகத்தில் இயங்கும் 'ஹெரிட்டேஜ் மதுரை' என மதுரையிலும் புறநகரிலும் உயர்தர விடுதிகள் சில இருக்கின்றன. எல்லா இடத்திலும் ஸ்டீக்குக்கென்று தனி ரெஸ்டாரன்ட் இருக்காது. பெரும்பாலும் 'கிரில்' பிரிவில்தான் வரும். அதனால் இணையதள மெனுவை நம்பிக் கிளம்பாமல், போனில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. மகன் நான்கு இடங்களின் நம்பர்களைக் குறித்துக்கொண்டார்.

ஸ்டீக்... அது எந்த இடத்துக் கறி?

சந்தையில் ராவுத்தர் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கும் இடம் இருக்கிறதே, ஸ்டீக்கின் ரகசியமே அதுதான்.

கால்களும் கழுத்தும் நாள் முழுக்க உழைக்கும். அங்கே சதையோடு சவ்வும் நாரும் அதிகம். முதுகெலும்பை ஒட்டிய சதைக்கு அவ்வளவு வேலை கிடையாது. எலும்புக்கு உள்பக்கம் ஒளிந்திருக்கும் 'டெண்டர்லாயின்' இருப்பதிலேயே சோம்பேறிச் சதை. அதனால் அது பஞ்சு மாதிரி இருக்கும். அதைக் குறுக்காக, கனமாக வெட்டி, கடும் சூட்டில் சில நிமிடங்கள் சுட்டால் ஸ்டீக். ஆடு சிறிய உருவம் என்பதால், அதே இடத்தை எலும்போடு வெட்டி 'சாப்ஸ்' ஆக்குகிறார்கள்.

நம் ஊர்ச் சமையல் இதற்கு நேர் எதிர். காடு மேடெல்லாம் நடந்து மேய்ந்த ஆட்டின் சந்து, நல்லி, மார்கண்டம் எல்லாவற்றையும் போட்டு நிதானமாக வேக வைக்கிறோம். நேரம் ஆக ஆகச் சவ்வு கரைந்து குழம்பு கெட்டியாகும். இரண்டும் வெவ்வேறு வித்தை. ஒன்றை வைத்து மற்றொன்றைக் குறைத்துப் பேச முடியாது.

இன்னொரு வித்தியாசம். காலையில் அறுத்த கறியை மதியத்துக்குள் ஆக்குவது நம் வழக்கம். ஸ்டீக்குக்கான மாட்டுக் கறியை, உறையாத அளவு குளிர்ச்சியில் மூன்று, நான்கு வாரங்கள் வரை வைத்துப் பக்குவப்படுத்துவது மேலைநாட்டு வழக்கம். கறியில் இயல்பாக இருக்கும் நொதிகள் சதையை மென்மையாக்கும். 'பழைய கறி' என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. ஆனால், முறையான குளிர்சாதனம் இல்லாத இடத்தில் இதை நம்பிச் சாப்பிடவும் கூடாது.

'ரேர்', 'மீடியம்', 'வெல் டன்' என்று சர்வர் கேட்பது வேக்காட்டின் அளவை. துண்டின் நடுவில் சுமார் 50 டிகிரி செல்சியஸ் என்றால் ரேர், 60-ஐ ஒட்டினால் மீடியம், 70-ஐத் தாண்டினால் வெல் டன். வெட்டும்போது கசியும் சிவப்புச் சாறு ரத்தம் அல்ல. சதையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம் அது. முழுத் துண்டு இறைச்சியை 63 டிகிரி வரை வேக வைத்து, 3 நிமிடம் ஆற விடச் சொல்கிறது அமெரிக்க வேளாண் துறை. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள் அதற்குக் குறைவாக வெந்ததைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

மெனுவில் ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும். மாட்டிறைச்சி இறக்குமதிக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. இங்குள்ள ஹோட்டல்களில் 'ஸ்டீக்' என்றால் பெரும்பாலும் எருமைக் கறிதான். அதில் கொழுப்பு குறைவு. அதிகம் வெந்தால் வறண்டு ரப்பராகிவிடும். ஆனால், ஆட்டிறைச்சி வெளிநாட்டிலிருந்து வரலாம். ஆஸ்திரேலியாவுடனான வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்தபோது, அங்கிருந்து வரும் செம்மறி இறைச்சிக்கு இருந்த 30 சதவீத வரி நீங்கியது. வீரசோழன் ஆடு மதுரைக்குப் போய்ச் சேரும் அதே நாளில், மெல்பர்னிலிருந்து ஓர் ஆட்டுத்தொடையும் அங்கே இறங்கலாம்!

ராவுத்தர் போட்ட போன்

முதல் இரண்டு இடங்களுக்கு மகன்தான் பேசினார். "எல்லாம் இருக்கு சார், வாங்க சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. மூன்றாவது நம்பரில் ராவுத்தரே பேசினார். வரவேற்பில் இருந்தவர் பதில் தெரியாமல் செஃப்பிடம் இணைப்பைக் கொடுத்துவிட்டார்.

"தம்பி, ஸ்டீக்குனு போட்டிருக்கீகளே, அது எந்த உருப்படி?"

"டெண்டர்லாயின் சார்."

"அது இடம். உருப்படி எது?"

மறுமுனையில் சிறு சிரிப்பு. "எருமை சார். பஃப்."

"வயசு?"

"சார்... இதுவரைக்கும் யாரும் என்கிட்ட இதைக் கேட்டதில்ல."

"ஹலாலா?"

"சப்ளையர்கிட்ட கேட்டுட்டு நானே கூப்பிடுறேன் சார்."

அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். எங்கிருந்து வருகிறது, யார் அறுக்கிறார்கள், இளம் உருப்படிதான் எடுக்கிறோம் என்று விசாரித்த விவரத்தைச் சொன்னார். உடனே "ஆமா" என்று சொல்லாமல் விசாரித்துச் சொன்னதாலேயே ராவுத்தருக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பேச்சு நீண்டது. மாட்டுக்கறி சாப்பிடாதவர் ஒருவர் வருகிறார் என்றதும், அவருக்குத் தனித் தவா, தனி இடுக்கி என்று செஃப் ஒப்புக்கொண்டார். மெல்ல முடியாதவர்களுக்கு ஸ்டீக்கைவிட, நாட்டு வெள்ளாட்டின் முழுத்தொடையை மணிக்கணக்கில் வேக வைத்துச் செய்யும் 'ரான்' நன்றாக இருக்கும், ஆனால் ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்றார். "அதைச் சமையக்கட்டுலயே பிரிச்சு, தட்டுத் தட்டா கொண்டாந்துருங்க தம்பி. நடுவுல வைக்கக் கூடாது" என்றார் ராவுத்தர். காரணத்தைச் சொல்லவில்லை. செஃப்பும் கேட்கவில்லை.

டேபிள் புக் செய்யும் முன், யாரும் கேட்கலாம் இந்தக் கேள்விகளை:

1. எந்த விலங்கு, எந்தப் பகுதி, எங்கிருந்து வருகிறது?

2. ஒரு தட்டில் எத்தனை கிராம்? எடை போட்டிருந்தால், அது சமைப்பதற்கு முன்பா, பின்பா?

3. சைவம் சாப்பிடுபவர், மாட்டுக்கறி தவிர்ப்பவருக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் உண்டா?

4. முன்கூட்டியே சொல்ல வேண்டிய உணவு எது?

5. மேஜை பாரிலிருந்து தள்ளி இருக்குமா? கார் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படிகள்?

6. மெனு விலைக்கு மேல் என்னென்ன சேரும்?

பில்லில் கவனிக்க வேண்டியது

கடைசிக் கேள்வி முக்கியமானது. சாதாரண ரெஸ்டாரன்ட்டில் ஜி.எஸ்.டி 5 சதவீதம். முந்தைய நிதியாண்டில் ஓர் அறையின் ஒருநாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டிய ஹோட்டல் என்றால், அதற்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட்டில் 18 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல் இந்தக் கணக்கு நடைமுறையில் இருக்கிறது.

சர்வீஸ் சார்ஜ் என்பது வரி அல்ல. அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விருப்பமிருந்தால் கொடுக்கலாம். இல்லையென்றால் நீக்கச் சொல்லலாம். பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஓர் உதாரணம். 10,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால், 5 சதவீத இடத்தில் பில் 10,500 ரூபாய். 18 சதவீத இடத்தில் 11,800. அங்கே 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் சேர்ந்து, அதற்கும் வரி போட்டால் 12,980. போகும் முன்பே இது தெரிந்திருந்தால், பில் வந்ததும் பெரியவர்கள் முன்னால் முகம் மாற வேண்டியதில்லை. பிள்ளைகளின் பணம் செலவாவதைப் பார்த்து அம்மாக்களுக்குச் சாப்பாடு இறங்காமல் போவது நம் வீடுகளில் சகஜம். அதனால் மகன் செய்தது நல்ல காரியம். பில்லைத் தன்னிடம் தனியாகக் கொடுக்கும்படி முன்பே சொல்லிவைத்தார். அம்மாவிடம் விலை இல்லாத மெனு கார்டு.

முன்வாசல்

நரிக்குடி, திருச்சுழி தாண்டி, தூத்துக்குடி - மதுரை நான்குவழிச் சாலையில் வண்டி ஏறியபோது வெயில் இறங்கியிருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கீதாரி முன்சீட்டில். வழியில் ஆட்டு மந்தையைப் பார்க்கும்போதெல்லாம், "ராவுத்தரே, அது நம்ம பக்கத்து ஆடு இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தார். சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் கூடவே வந்தது.

மதுரையை ஒட்டிய அந்த ரிசார்ட்டின் வாசலில் வண்டி நின்றதும், ராவுத்தர் ஒரு நொடி இறங்காமல் உட்கார்ந்திருந்தார். காவலாளி வந்து கதவைத் திறந்தார். "வாங்க ஐயா" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு ராவுத்தரின் நடையில் சந்தைக்குள் நுழையும் மிடுக்கு வந்துவிட்டது.

மேஜை பாரிலிருந்து தள்ளி, தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. கத்தியும் முள்கரண்டியும் வரிசையாக இருப்பதைப் பார்த்து அம்மா கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார். சர்வர் இதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், எல்லோருக்கும் வெந்நீர்க் கிண்ணமும் எலுமிச்சைத் துண்டும் கொண்டுவந்து வைத்தார். கையால் சாப்பிடலாம் என்று யாரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் தட்டு அம்மாவுக்கு வந்தது. மகன் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார். எலும்பிலிருந்து தானே கழன்று விழும் பதத்தில் ஆட்டுத்தொடைக் கறி, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, ஆவி பறக்கிறது. அம்மாவின் வலதுகை மேஜையின் நடுவில் எதையோ தேடியது. கரண்டி இல்லை. பாத்திரமும் இல்லை.

"எல்லாருக்கும் வரட்டும்" என்றார்.

"எங்களுக்கு வரும். நீ சூட்டோட சாப்பிடு" என்றார் ராவுத்தர்.

"அட, சாப்பிடு தங்கச்சி" என்றார் கீதாரி.

அம்மா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்ல மென்று விழுங்கிவிட்டு, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி, "சூடா இருக்கு" என்றார்.

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் தண்ணீர் குடித்தார்.

ராவுத்தருக்கு ஸ்டீக் வந்தது. நடுவில் லேசான சிவப்போடு. ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடி யோசித்தார். "இளசுதான். தம்பி பொய் சொல்லல." இரண்டாவது துண்டுக்கு மட்டும், கொஞ்சம் காரம் இருந்தால் தேவலை என்றார். பக்கத்துச் சீமையில் விளையும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை இந்த மேஜைவரை யாராவது கொண்டுவந்தால் நன்றாக இருக்கும்.

கடைசியில் செஃப் வெளியே வந்தார். போனில் வயது கேட்டவர் யார் என்று பார்க்கத்தான் வந்தாராம். "கரி எங்கருந்து தம்பி வாங்குறீக?" என்று ராவுத்தர் கேட்டார். "எந்த ஊர்னு தெரியல சார். சீமைக்கருவேலங்கரிதான், மூட்டையில வரும்." ராவுத்தரும் கீதாரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப எங்க பக்கத்துக் கரியாத்தான் இருக்கும்" என்றார் கீதாரி, அந்த அடுப்பே தன்னுடையது மாதிரி.

அடுத்த வாரம் சந்தையில் ஆளாளுக்குக் கேட்டார்கள். எவ்வளவு ஆச்சு, எப்படி இருந்துச்சு, நாங்களும் போகலாமா என்று. ராவுத்தர் ஒரு கிடாயின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தபடியே பதில் சொன்னார்:

"போகலாம். போறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேளுங்க. நாலு கேள்வி கேட்டாக் கோவப்படுற கடைக்குப் போகாதீக. அப்புறம், முதல் தட்டை வீட்டுல ஆக்கிப் போட்டவளுக்கு வைக்கச் சொல்லுங்க."